சத்திரம், கிணறு, நூறு நாள் வேலை: ரெட்டியார்சத்திரம் வட்டாரத்தில் வறுமைத் தணிப்பும் அரசும் (1876–2016)

ஆய்வுச் சுருக்கம்

பொருளாதார வளர்ச்சிக்காக அரசு ஆற்றும் பணியும் வறுமையைத் தணிக்க அரசு ஆற்றும் பணியும் ஒன்றே எனக் கொள்வது பெருவழக்கு. திண்டுக்கல் சமவெளியிலுள்ள ரெட்டியார்சத்திரம் வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை அவ்வழக்கை மீளாய்வு செய்கிறது. பேரணைப் பாசனம் எட்டாத இம்மேட்டு நிலத்தில் வளர்ச்சிக்கான அரசு உதவி நிலவுடைமையின் வழியே, கிணற்றுக் கடனாகவும் மின்சாரமாகவும் வந்து சேர்ந்தது. நிலமற்றோருக்கான உதவி பஞ்ச நிவாரண மரபிலிருந்து கிளைத்துச் சோறு, அரிசி, கூலி ஆகிய வடிவங்களை எடுத்தது. தனித்தனியே இயங்கிய இவ்விரு மரபுகளும் 2006-இல் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் குளக்கரைப் பணியிடங்களில் எதிரெதிரே வந்து நின்றன என்பதும், அதன்பின் எழுந்த கூலிப் பூசலை அவ்வரலாற்றோடு சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பதும் கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: ரெட்டியார்சத்திரம், திண்டுக்கல், பஞ்ச விதிகள், தக்காவி, கிணற்றுப் பாசனம், ஊராட்சி ஒன்றியம், நூறு நாள் வேலை.

முன்னுரை

திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் நெடுஞ்சாலையில் ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி என்னும் மூன்று ஊர்கள் உள்ளன. பழனி மலைக்கு நடந்து சென்ற அடியவரும் மாட்டுவண்டியில் சென்ற வணிகரும் இரவு தங்கி உண்ட இடங்களே பின்னர் ஊர்களாகப் பெருகின என்பதற்கு இப்பெயர்களே சான்று. மூன்றனுள் முதலாவது இன்று ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். வழிப்போக்கருக்குச் சோறிட்ட அறநிலையம் ஒன்றின் பெயரைத் தாங்கிய அலுவலகத்திலிருந்தே இவ்வட்டாரத்தின் வறுமை ஒழிப்புத் திட்டங்கள் கடந்த அறுபது ஆண்டுகளாக நடத்தப்பட்டு வருகின்றன. தற்செயலான பொருத்தமே ஆயினும், தமிழ்நாட்டில் வறியோருக்கும் ஆள்வோருக்கும் இடையிலான உறவு அடைந்த மாற்றத்தைத் தொடர்ந்து காண இவ்வூர் நல்லதொரு தொடக்கப்புள்ளி.

தமிழ்நாட்டுப் பொருளாதார வரலாற்றை எழுதியோர் இருவேறு வினாக்களைக் கேட்டுள்ளனர். வேளாண் பொருளாதாரம் எவ்வாறு மாறியது என்பது ஒன்று. கிறிஸ்டோபர் பேக்கர் 1880 முதல் 1955 வரையிலான தமிழக நாட்டுப்புறப் பொருளாதாரத்தை ஆற்றுப்பள்ளத்தாக்கு, சமவெளி, கொங்குநாடு எனப் பிரித்து ஆராய்ந்ததும், 1950–75 காலத்து ஊரக மாற்றத்தை ஆய்ந்த சி.டி. குரியன் உற்பத்திப் பெருக்கம் தானாகவே ஏழ்மையைக் குறைக்கவில்லை என நிறுவியதும் இவ்வகையின. சமூக நலத் திட்டங்கள் எவ்வாறு உருவாயின என்பது மற்றொன்று. சத்துணவு, பொது விநியோகம், ஓய்வூதியம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் கட்சி அரசியலையும் நிருவாகத் திறனையும் மையமாகக் கொண்டவை. இவ்விரு ஆய்வுப் போக்குகளும் ஒரே ஊருக்குள் நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொள்வது அரிது. கிணற்றுக்கு மின்சாரம் தந்த அரசும் குளத்தில் மண் வெட்டுவோருக்குக் கூலி தந்த அரசும் ஒரே அரசுதான். அவ்விரண்டையும் பெற்றோர் ஒரே மக்கள் அல்லர். கட்டுரை இந்த வேறுபாட்டையே பின்தொடர்கிறது.

சத்திரம்: அறமும் நிருவாகமும்

மதுரை நாட்டில் சாலையும் சத்திரமும் ஆட்சியாளர் கடமைகளாகவும் செல்வர் புண்ணியங்களாகவும் ஒருங்கே விளங்கின. நாயக்க அரசி மங்கம்மாளின் பெயரால் இன்றளவும் வழங்கும் சாலைகளும் மதுரையிலுள்ள சத்திரமும் முன்னதற்குச் சான்று. ஊர்ப்பெயரில் சமூகப் பெயரைத் தாங்கிய சத்திரங்கள் பின்னதற்குச் சான்று. இவ்வறத்தின் எல்லை தெளிவானது. சத்திரம் வழிச்செல்வோருக்கு உரியது. ஊரில் வாழும் ஏழைக்கு உரியதன்று. அங்கும் யார் எங்கே அமர்ந்து உண்பது என்பதைச் சாதி முடிவு செய்தது. மேலும் அது கொடுப்போரின் விருப்பத்தைச் சார்ந்தது. பசித்தவர் கேட்டுப் பெறும் உரிமை என்பது அங்கில்லை.

1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையின் வாயிலாகத் திண்டுக்கல் சீமை ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்கு வந்தது. கால் நூற்றாண்டுக்குப் பின் இயற்றப்பட்ட 1817-ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டம், கோயில் மானியங்களோடு பாலங்களையும் சத்திரங்களையும் வருவாய் வாரியத்தின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது. அறம் என்பது கணக்குப் பார்க்கப்பட வேண்டிய சொத்தாக மாறிய கட்டம் இது. 1884-இன் உள்ளாட்சி வாரியச் சட்டத்திற்குப் பின் சத்திரப் பராமரிப்பு, சாலை, தடுப்பூசி, பள்ளி ஆகியவற்றோடு சேர்ந்த ஒரு செலவினமாயிற்று. 1928-இல் திண்டுக்கல்–பொள்ளாச்சி இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் பழனிக்குச் செல்வோர் வழியில் இரவு தங்கவேண்டிய தேவையே பெரும்பாலும் நீங்கிற்று. சத்திரம் மறைந்தது, பெயர் நிலைத்தது.

தாது வருடமும் பஞ்ச விதிகளும்

நவீன அரசு இவ்வட்டாரத்து ஏழைகளை முதன்முதலில் நேருக்கு நேர் சந்தித்தது வளர்ச்சித் திட்டம் ஒன்றின் வாயிலாக அன்று, பஞ்சத்தின் வாயிலாகவே. மக்கள் நினைவில் 'தாது வருஷப் பஞ்சம்' என நிலைத்த 1876–78 பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியை வாட்டியது; திண்டுக்கல்லை உள்ளடக்கிய அன்றைய மதுரை மாவட்டமும் அதற்குத் தப்பவில்லை. சென்னை அரசு தொடக்கத்தில் நிவாரணப் பணிகளைத் தாராளமாகவே திறந்தது. செலவைக் கட்டுப்படுத்த 1877 தொடக்கத்தில் இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், ஆண் தொழிலாளி ஒருவரின் நாட்கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் என்னும் அளவுக்குக் குறைத்தார். கடின உடலுழைப்புக்கு அவ்வுணவு போதாது என மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வெளிப்படையாக எதிர்த்தார். சில மாதங்களில் அக்கூலி உயர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பணியிடங்களில் மடிந்தோருக்கு அவ்வுயர்வால் பயனேதுமில்லை.

இவ்விவாதம் ஓர் ஆவணமாக இறுகியது. 1880-இல் அறிக்கை அளித்த பஞ்ச ஆணையமும் 1883-இன் மாதிரிப் பஞ்ச விதிகளும் உயிர் காப்பது அரசின் கடமை என ஏற்றுக்கொண்டன. அதே வேளையில், உண்மையிலேயே வேறு வழியற்றவர் மட்டுமே வரவேண்டும் என்பதற்காகச் சோதனைகளையும் வகுத்தன. வீட்டைவிட்டுத் தொலைவிலுள்ள முகாமுக்கு வருதல், வகுக்கப்பட்ட அளவு வேலையை முடித்தல், உயிர் தரிக்க மட்டுமே போதுமான கூலியை ஏற்றல் ஆகியன அவை. 1834-ஆம் ஆண்டின் இங்கிலாந்து ஏழையர் சட்டத்தில், உதவி பெறுவோரின் நிலை மிகக் குறைந்த கூலி பெறும் தொழிலாளியின் நிலையைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும் என்றிருந்த கொள்கையின் இந்திய வடிவமே இது. உழைக்க இயலாதோருக்கு ஊரிலேயே இலவச உதவியும், குழந்தைகளுக்கும் நலிந்தோருக்கும் கஞ்சித் தொட்டியும் அவ்விதிகளில் இடம்பெற்றன. மழை பெய்து வேளாண் வேலை தொடங்கியதும் முகாம்கள் மூடப்பட வேண்டும் என்பதும் நடைமுறையாயிற்று.

கூலி வேலை, சமைத்த உணவு, உழைக்க இயலாதோருக்கான காசு என்னும் மூன்றும் இவ்விதிகளில் ஒருசேர உள்ளன. பிற்காலத் தமிழ்நாட்டின் நூறு நாள் வேலை, சத்துணவு, முதியோர் உதவித்தொகை ஆகியவற்றின் எலும்புக்கூடு இங்கேயே தென்படுகிறது எனலாம். வடிவம் மட்டுமே பொது. நோக்கம் நேரெதிரானது என்பதைப் பின்னர்க் காணலாம்.

கிணற்றின் வழியே வந்த அரசு

பஞ்சத்தின் மற்றொரு பாடம் பாசனம். 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் மதுரை, மேலூர்ப் பகுதிகளின் புஞ்சைகளை நஞ்சைகளாக்கியது. முதலீட்டுக்கேற்ப நீர்வரி திரும்பக் கிடைக்கும் பணிகளை 'ஆதாயம் தரும் பணி' எனத் தனியே வகைப்படுத்திய ஆட்சிக்கு அத்தகைய பெருந்திட்டமே ஏற்புடையதாயிருந்தது. பெரியாற்று நீர் ரெட்டியார்சத்திரம் மேட்டை எட்டவில்லை. பழனி மலையின் கீழ்த்தொடர்களிலிருந்து இறங்கும் காட்டாறுகளும் அவற்றால் நிரம்பும் சிறு குளங்களும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. செவ்வலும் ஆங்காங்கே கரிசலும் கலந்த இந்நிலத்தில் விளைச்சலின் உறுதி கிணற்றைப் பொறுத்தே அமைந்தது. கிணறு உடையவன் நிலம் தோட்டம். கிணறு இல்லாதவன் நிலம் மானாவாரி. பேக்கர் கொங்குநாட்டுக்கு உரியதாகக் காட்டும் தோட்டப் பயிர் முறையின் தென்கிழக்கு விளிம்பு இங்குதான் மதுரைச் சமவெளியோடு கலக்கிறது.

ஆகவே இங்கு வளர்ச்சிக்கான அரசு, அணையாக வராமல் கடனாக வந்தது. 1883-இன் நில மேம்பாட்டுக் கடன் சட்டம் கிணறு வெட்டுதலை நில மேம்பாட்டுப் பணியாக ஏற்று, அரசே நேரடியாகக் கடன் வழங்க வழிசெய்தது. 1884-இன் விவசாயிகள் கடன் சட்டம் விதைக்கும் மாட்டுக்கும் கடன் தந்தது. ஊரார் வழக்கில் இரண்டும் 'தக்காவி'. நிலவங்கிகள் குறித்துப் பிரெடரிக் நிக்கல்சன் 1890-களில் சென்னை அரசுக்கு அளித்த அறிக்கை, 1904-இன் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம், 1934-இன் சென்னைக் கூட்டுறவு நில அடமான வங்கிச் சட்டம் எனத் தொடர்ந்த நிறுவனங்கள் வட்டிக்கடைக்காரரிடமிருந்து குடியானவரை விடுவிக்க முயன்றன. முயற்சி பொய்யன்று. ஆனால் தக்காவிக்கும் அடமான வங்கிக்கும் நிலமே ஈடு. பட்டா இல்லாதவர் பெயர் அந்தப் பதிவேடுகளில் ஏற வழியில்லை. கிணறு வெட்டியவர்களுக்குக் கூலி கிடைத்தது. வெட்டிய கிணறு கிடைக்கவில்லை.

விடுதலைக்குப் பின் இவ்வழி அகன்றதேயன்றி மாறவில்லை. 1957-இல் அமைந்த மின்வாரியம் ஊரக மின்னிணைப்பில் நாட்டுக்கே முன்னோடியாயிற்று. மாடு பூட்டிக் கமலை இறைத்த இடத்தில் மோட்டார் வந்தது. விடியற்காலை தொடங்கி இரண்டு மாடும் ஓர் ஆளும் பாடுபட்டு இறைத்த நீரை மின்மோட்டார் சிறு பொழுதில் இறைத்துவிட்டது. பருத்தி, சின்ன வெங்காயம், தக்காளி, மிளகாய், முருங்கை எனச் சந்தைக்கான பயிர்கள் பெருகியதும், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை கேரளத்துக்கு லாரி லாரியாகச் சரக்கனுப்பும் மையமாக உயர்ந்ததும் இம்மாற்றத்தின் விளைவுகளே. இவ்வட்டாரத்தின் வளர்ச்சியைச் சந்தையின் சாதனை எனக் கூறுவோர் அச்சந்தைக்குச் சரக்கு விளைந்த கிணற்றின் அடியில் யாருடைய பணம் கிடந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

மின்கட்டணம் அரசியலானது இதன் தொடர்ச்சி. 1970-களில் சி. நாராயணசாமி நாயுடு தலைமையில் எழுந்த தமிழக விவசாயிகள் சங்கம் கட்டண உயர்வை எதிர்த்தும் கடன் தள்ளுபடி கோரியும் போராடிற்று. கோவையில் தொடங்கிய அப்போராட்டம் திண்டுக்கல் பகுதியிலும் வேரூன்றியது. 1978-இல் வேடசந்தூரில் விவசாயிகள்மீது நிகழ்ந்த துப்பாக்கிச் சூடு இம்மாவட்டத்தின் நினைவில் ஆழப் பதிந்துள்ளது. உயிர்கொடுத்துக் கேட்ட அக்கோரிக்கை வென்றது. 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1989–91 ஆட்சிக்காலத்தில் அனைத்து விவசாயிகளுக்கும் பாசன மின்சாரம் கட்டணமற்றதாயிற்று.

இலவச மின்சாரத்தின் மறுபக்கம் நிலத்தடியில் தெரிந்தது. இறைப்புச் செலவு இன்மையால் ஆழம் பெருகிற்று. திறந்த கிணறுகள் வற்ற, ஆழ்துளைக் கிணறுகள் இறங்கின. திண்டுக்கல் மாவட்டத்தின் பல ஒன்றியங்கள் நிலத்தடி நீர் மதிப்பீடுகளில் மிகை நுகர்வு வகைக்குச் சென்றன. ஒவ்வொரு முறை ஆழப்படுத்தும்போதும் கடன் வாங்கக் கூடியவரே எஞ்சினர். இயலாதவர் தோட்டக்காரர் நிலையிலிருந்து மானாவாரிக்கும், அங்கிருந்து கூலிக்கும் இறங்கினர். 'விவசாயி' என்னும் ஒரு சொல்லுக்குள் இவ்விருவரையும் அடக்கிப் பேசுவதே இத்துறை ஆய்வுகளின் பெருங்குறை.

வளர்ச்சிக்கான அரசின் கை இன்றும் நிலத்தின் வழியே நீள்கிறது. இந்திய–இஸ்ரேல் வேளாண் கூட்டுத் திட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டில் அமைந்த இரு மகத்துவ மையங்களுள் காய்கறிக்கானது ரெட்டியார்சத்திரத்திலேயே உள்ளது. மலர்களுக்கானது கிருஷ்ணகிரி மாவட்டம் தளியில். குழித்தட்டு நாற்று, நிழல்வலைக் குடில், சொட்டுநீரோடு உரமிடல் ஆகியவற்றை அது உழவர்க்குக் கற்பிக்கிறது. சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்க் கருவிக்கான முழு மானியத்தையும் மாநில அரசு அளிக்கிறது. வற்றிய மண்ணில் இது தேவையான தொழில்நுட்பமே. ஆயினும் சொட்டுநீர்க் குழாய் பதிக்கவும் நிலம் வேண்டும்.

ஒன்றியமும் கறவை மாடும்

1952 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டமும், 1958-இன் சென்னை ஊராட்சிகள் சட்டமும், அச்சட்டத்தின்கீழ் 1960–61-இல் படிப்படியாக அமைந்த ஊராட்சி ஒன்றியங்களும் அரசை வட்டத் தலைநகரிலிருந்து ஊருக்கு அருகில் கொண்டுவந்தன. ரெட்டியார்சத்திரத்துக்கு அண்மையிலேயே, டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் நிறுவிய காந்திகிராமம் இயங்கியமையால் ஊரக மேம்பாடு என்னும் சொல் இப்பகுதிக்குப் புதியதன்று. வருவாய் அலுவலர் வரி கேட்டு வந்தவர். வட்டார வளர்ச்சி அலுவலர் எதையேனும் கொடுக்க வந்தவர். 'யூனியன் ஆபீஸ்' என்னும் புதிய சொல் மக்கள் நாவில் ஏறியது.

எனினும் தொடக்க ஒன்றியத்தின் கொடை சாலை, பள்ளிக் கட்டடம், குடிநீர்க் கிணறு, மேம்பட்ட விதை ஆகியனவே. குடும்பம் ஒன்றை ஏழை எனப் பெயர் குறித்து அணுகிய முதற்பெருந்திட்டம் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம். 1978–79-இல் தொடங்கி 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா வட்டாரங்களுக்கும் விரிந்த அத்திட்டம், மானியமும் வங்கிக் கடனும் சேர்த்து ஏழைக்கு ஒரு சொத்தைத் தர முனைந்தது. நடைமுறையில் அச்சொத்து பெரும்பாலும் ஒரு கறவை மாடு. மேய்ச்சல் நிலமும் சோளத்தட்டையும் இல்லாத வீட்டுக்கு மாடு வந்தால் அது தீனி கேட்கும் கடனாகவே வந்தது.

அன்றைய மதுரை மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள கோகிலாபுரத்தில் மதுரா சுவாமிநாதன் மேற்கொண்ட ஆய்வு, வறியோர் அல்லாதாரும் இத்திட்டத்தில் கணிசமாக இடம்பெற்றதை மேற்கு வங்கச் சிற்றூர் ஒன்றோடு ஒப்பிட்டுக் காட்டியது. அதே ஊரில் முன்னரே ஆய்வு செய்த வி.கே. இராமச்சந்திரன், பாசனமும் பணப்பயிரும் செழித்த ஊரிலும் கூலித் தொழிலாளர் கட்டுண்ட நிலையில் இருந்ததை விரித்துரைத்தார். கம்பம் பெரியாற்று நீர் பாயும் நிலம். ரெட்டியார்சத்திரம் கிணற்று நிலம். ஆகவே ஒன்றன் முடிவை மற்றொன்றின்மேல் அப்படியே ஏற்றுதல் தகாது. ஆயினும் நிலமற்றவரைச் சிறு உடைமையாளராக்கும் முயற்சி எங்கே இடறியது என்பதை அவ்வாய்வுகள் காட்டுகின்றன. சொத்துக்கான கடனைவிடக் கூலி வேலையே பெரும்பாலான ஏழைகளுக்குப் பயன்தரும் என நீலகண்ட ரத் 1985-இலேயே வாதிட்டார். இந்திய அரசு அவ்வாதத்தைச் சட்டமாக்க மேலும் இருபது ஆண்டுகள் பிடித்தன.

அடுப்பும் நியாயவிலைக் கடையும்

அவ்விருபது ஆண்டுகளில் தமிழ்நாட்டு அரசு வேறொரு வழியில் நடந்தது. 1962-இல் முதியோர் ஓய்வூதியம். 1982 ஜூலை 1 முதல் ஊர்தோறும் சத்துணவு மையம். மையத்தில் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என மூவர். ஆதரவற்ற பெண்களுக்கு அப்பணிகளில் முன்னுரிமை. 1997-இல் நடுவண் அரசு பொது விநியோகத்தை வறுமைக்கோட்டால் வகுத்தபோது தமிழ்நாடு அக்கோட்டை ஏற்காமல் அனைவருக்குமான அரிசியைத் தொடர்ந்தது. கிலோ அரிசியின் விலை 2006-இல் 2 ரூபாய், 2008-இல் 1 ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம். இத்திட்டங்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. இங்கு ஒன்றை மட்டும் குறித்தல் போதும். கஞ்சித் தொட்டிக்குப் பசியே நுழைவுச் சீட்டு. சத்துணவுக் கூடத்துக்குப் பள்ளி வருகையே நுழைவுச் சீட்டு. தாழ்ச்சியை மெய்ப்பித்துப் பெறவேண்டிய உதவி என்னும் பஞ்ச விதியின் உள்ளுயிர் அங்கே நீக்கப்பட்டது. வீட்டில் அரிசி இருக்கிறது என்னும் உறுதி, கூலி குறைவெனில் வேலைக்கு வர மறுக்கும் துணிவையும் தந்தது.

2006: குளத்து மண்

2005-இல் நிறைவேறிய தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2006 பிப்ரவரி 2-ஆம் நாள் இருநூறு மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் முதற்கட்டமாகத் தேர்வு பெற்றவை ஆறு: கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், சிவகங்கை, திண்டுக்கல். இவ்வாறு ரெட்டியார்சத்திரம் ஒன்றியம் இத்திட்டத்தைத் தொடக்கத்திலேயே கண்டது. 1972–73 வறட்சியில் பிறந்து 1977-இல் சட்ட வடிவம் பெற்ற மகாராட்டிர வேலை உறுதித் திட்டமே இதன் முன்னோடி. பெருமந்தக் காலத்தில் அமெரிக்க அரசு 1935 முதல் நடத்திய பொதுப்பணிகளும் ஒப்புநோக்கத் தக்கவை. ஆனால் அவை நெருக்கடி தீர்ந்ததும் மூடப்பட்டன, எவருக்கும் சட்ட உரிமை தரவில்லை.

பஞ்ச விதிகளையும் இச்சட்டத்தையும் அருகருகே வைத்துப் படித்தால் பின்னது முன்னதை ஒவ்வொரு கூறாகத் திருப்பிப் போட்டது போலத் தோன்றும். அங்கே தொலைவு ஒரு சோதனை. இங்கே ஐந்து கிலோமீட்டருக்குள் வேலை, அதற்கு அப்பால் எனில் பத்து விழுக்காடு மிகுதிக் கூலி. அங்கே வேலை எப்போது திறப்பது என்பது ஆட்சியர் முடிவு. இங்கே கேட்ட பதினைந்து நாளுக்குள் வேலை, தவறினால் வேலையின்மைப் படி. அங்கே உயிர்தரிப்புக் கூலி. இங்கே சட்டக் கூலி, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம். அளவு வேலை மட்டும் இரண்டிலும் மிஞ்சிற்று. வெட்டிய குழியின் நீள, அகல, ஆழத்தை அளந்து கூலி கணக்கிட்டமையால் 2006-இல் அறிவிக்கப்பட்ட 80 ரூபாய் எல்லாருக்கும் எல்லா வாரமும் முழுமையாகக் கிடைக்கவில்லை. டெம்பிளின் நிழல் அளவுநாடாவில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது எனலாம்.

தமிழ்நாடு இத்திட்டத்தைத் தனக்கேயுரிய முறையில் நடத்திற்று. ஒப்பந்ததாரருக்கும் இயந்திரத்துக்கும் இடமில்லை என்னும் விதியை ஒட்டி, தொடக்க ஆண்டுகளில் சிமெண்டும் கல்லும் தேவைப்படும் பணிகளை விலக்கிக் குளம், ஊருணி, வரத்துக் கால்வாய் தூர்வாரும் மண்வேலையையே பெரிதும் எடுத்தது. வந்தவர்களும் பெரும்பாலும் பெண்கள். மாநில அளவில் மொத்த வேலை நாள்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அவர்களுடையவை. கணவன் பெயரில் பட்டா, கணவன் பெயரில் மின் இணைப்பு, கணவன் பெயரில் கூட்டுறவுக் கடன் என வந்த அரசு, நிலமற்ற பெண்ணின் பெயரைத் தன் கூலிப் பதிவேட்டில் வாரந்தோறும் எழுதத் தொடங்கியது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தக்காவிப் பதிவேட்டுக்கு வெளியே நின்ற குடும்பங்களுக்கு இது சிறு மாற்றமன்று.

பூசல் இங்கேதான் எழுந்தது. களை எடுக்கவும் வெங்காயம் அறுக்கவும் காய் பறிக்கவும் தோட்டப் பயிருக்குப் பெண்களின் உழைப்பு தேவை. 'நூறு நாள் வேலை வந்தபின் ஆள் கிடைப்பதில்லை' என்னும் முறையீடு தமிழகமெங்கும் ஒலித்தது. தோட்டப் பயிர் செழித்த இவ்வட்டாரத்தில் அதன் அழுத்தம் மிகுதி. திண்டுக்கல், வேடசந்தூர் பகுதிகளின் நூற்பாலைகள் பேருந்து விட்டு இளம்பெண்களை அழைத்துச் சென்றதும், இளைஞர் திருப்பூருக்கும் கோவைக்கும் பெயர்ந்ததும் ஆள் பற்றாக்குறையின் முதன்மைக் காரணங்கள். அவற்றைவிட அரசுத் திட்டமே வசைக்கு இலக்கானது. ஆலை முதலாளியிடம் முறையிட முடியாது. ஊராட்சித் தலைவரிடம் முறையிடலாம்.

சிறு தோட்டக்காரரின் நெருக்கடி பொய்யானதன்று. விளைபொருளின் விலை சந்தையில் வீழும் ஆண்டில் உயர்ந்த கூலி அவருக்குச் சுமையே. ஆனால் அரசு பணம் கொடுத்து ஆளைக் கெடுக்கிறது என்னும் வாதம் வரலாற்றின் ஒரு பக்கத்தை மட்டுமே நினைவில் வைத்துள்ளது. கிணற்றுக்குக் கடனும் மோட்டாருக்கு மின்சாரமும் குழாய்க்கு மானியமும் அரசு தந்தபோது அவை வளர்ச்சி எனப்பட்டன. மண் வெட்டியவளுக்குக் கூலி தந்தபோது அது இலவசம் எனப்பட்டது. இச்சொல் வேறுபாட்டுக்குப் பொருளியல் அடிப்படை எதையும் காண்பதற்கில்லை. தூர்வாரிய குளத்தில் நீர் நின்றால் ஊறுவது அருகிலுள்ள தோட்டக் கிணறே. நூறு நாள் வேலையின் உடைமைப் பயன் பெருமளவு நிலமுடையோருக்கே சேர்ந்தது என்பது அப்பூசலில் எவரும் உரக்கச் சொல்லாத செய்தி.

தமிழ்நாட்டு ஊரக வறுமை விகிதம் தெண்டுல்கர் கணக்கீட்டின்படி 2004–05-இல் 37.5 விழுக்காடாக இருந்து 2011–12-இல் 15.8 விழுக்காடாகக் குறைந்தது. இவ்வீழ்ச்சி முழுவதையும் ஒரு திட்டத்தின் கணக்கில் எழுதுவது பிழை. ஆலை வேலை, கட்டட வேலை, அரிசி விலை ஆகிய யாவும் அதில் உண்டு. இத்திட்டத்தின் தனிப்பங்கு, கூலி பேசும் இடத்தில் பெண்ணுக்கு இருந்த மாற்று வழியில் தேடத்தக்கது. எந்த ஆண்டிலும் சராசரிக் குடும்பம் நூறு நாளை எட்டவில்லை. எட்டிய நாள்கள் குறைவெனினும், அவ்வேலை இருக்கிறது என்பதே தோட்டக் கூலிக்கு ஒரு தரைமட்டத்தை வகுத்தது. அறிவிக்கப்பட்ட கூலி 2010–11-இல் 100 ரூபாயாகவும் 2016–17-இல் 203 ரூபாயாகவும் உயர்ந்தது.

2011-இல் நடுவண் வேளாண் அமைச்சராயிருந்த சரத் பவார், வேளாண் வேலை மிகுந்த மாதங்களில் இத்திட்டத்தை நிறுத்திவைக்கலாம் என்னும் யோசனையை முன்வைத்தார். ஊரக வளர்ச்சி அமைச்சகம் அதை ஏற்கவில்லை. மழை பெய்ததும் முகாமை மூடிய 19-ஆம் நூற்றாண்டு நடைமுறையின் எதிரொலியாகவே அந்த யோசனையை வாசிக்க முடிகிறது. நிலமற்றவரின் உழைப்பு முதற்கண் தோட்டத்துக்கு உரியது, தோட்டத்துக்கு வேண்டாத நாள்களில் மட்டும் அரசு அதை வாங்கலாம் என்னும் எண்ணம் இரண்டுக்கும் பொது. சட்டம் அவ்வாறு கூறவில்லை. வேலை கேட்கும் நாளைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை அது கேட்பவரிடமே விட்டது. ரெட்டியார்சத்திரம் போன்ற ஒன்றியங்களில் அவ்வுரிமை எந்த அளவுக்குக் கையாளப்பட்டது, எந்த ஊரில் எந்த மாதம் பணி திறக்கப்பட்டது, யாருடைய வேண்டுகோளால் ஒத்திவைக்கப்பட்டது என்பனவற்றை 2006 முதலான வருகைப் பதிவேடுகளையும் கிராம சபைத் தீர்மானங்களையும் வெங்காய அறுவடை மாதங்களோடு ஒப்பிட்டுப் படிக்கலாம். தக்காவிக் கடன் கோப்புகளைப் போல அவையும் பொருளாதார வரலாற்றுக்குரிய ஆவணங்களே.